மஞ்சளிலேயே கிளம்பாத பணம்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையைச் சுற்றி ஒரு வண்ண நாடா. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை; 11.5 வரை மஞ்சள். அதற்கும் கீழே சிவப்பு, உயிருக்கு ஆபத்து. இந்த அளவோடு சந்தை விலையும் மழைக் கணக்கும் சேர்ந்தால் அதுதான் பஞ்ச ஆய்வு.

2004-இல் சோமாலியாவில் உருவான, உணவு நெருக்கடியின் கடுமையைத் தரம் பிரிக்கும் ஐபிசி அளவுகோல் இந்தக் கணக்குகளைப் பொதுமொழியாக்கியது. 20 சதவீதக் குடும்பங்களுக்குக் கடும் உணவின்மை, 30 சதவீதக் குழந்தைகளுக்குக் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, தினமும் 10,000 பேருக்கு 2 சாவு: இவை சேர்ந்தால் பஞ்சம். உரக்கக் கத்துபவருக்கே உதவி என்ற நிலைக்கு இது ஒரு கடிவாளம்.

குறையும் அங்கேதான். சாவையே நிபந்தனையாக வைத்த அளவுகோல் எப்படி முன்னெச்சரிக்கையாகும்? 2010 முதலே, அமெரிக்க அரசின் பணத்தில் இயங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பான ‘ஃப்யூஸ் நெட்’டின் ஆய்வாளர்கள் சோமாலியா பற்றி எச்சரித்துவந்தார்கள். பஞ்சம் என்ற அறிவிப்பு 2011 ஜூலை 20-இல்தான் வந்தது. சுமார் 2,58,000 பேர் இறந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஏறத்தாழ பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அல் ஷபாப் ஆயுதக் குழுவின் பிடியில் இருந்த பகுதிகளுக்கு உதவி போகப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டங்களும் தடையாக நின்றன. தகவலுக்குப் பஞ்சமில்லை, அதைக் கேட்டு நடப்பதற்குத்தான் ஆளில்லை. 2017-இல் அதே மண்ணில் வறட்சி வந்தபோது, பட்ட பாடு நினைவிருந்ததால் பணம் முன்னதாக வந்தது, பஞ்சம் தவிர்க்கப்பட்டது.

நமக்கு இது புதுக்கதை அல்ல. தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, 1880-களில் பிரிட்டிஷ் அரசு பஞ்ச விதித்தொகுப்பை வகுத்தது. தானிய விலை ஏறுகிறதா, மக்கள் ஊர்விட்டு அலைகிறார்களா என்று பார்த்து நிவாரண வேலை தொடங்கச் சொன்ன விதி அது. 1943-இல் வங்கம் பட்டினியில் மடிந்தபோது அந்த விதியை அரசு கையில் எடுக்கவே இல்லை. அறிவிப்பது ஆட்சியாளர் விருப்பம் என்றால், எந்த அளவுகோலும் அலமாரியில்தான் தூங்கும்.

பிறகு கணக்கெடுப்புக்கே ஆபத்து வந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்ததும், 1985 முதல் இயங்கிய ஃப்யூஸ் நெட்டின் இணையதளம் இருண்டது. ஒரே அரசின் பணப்பையில் உலகின் பசிக்கணக்கைத் தொங்கவிட்டதன் விலை.

ஆய்வை மேலும் கூர்தீட்டுவதால் மட்டும் இது தீராது. 2020-இல் வங்கதேசத்தில் வெள்ளக் கணிப்பு ஏற்கெனவே வகுத்த வரம்பைத் தொட்டதும், வெள்ளம் உச்சமடையும் முன்பே ஐ.நா. அவசர நிதி விடுவிக்கப்பட்டது. யார் முடிவெடுப்பது என்ற விவாதத்தை முன்பே முடித்து வைத்திருந்ததால் அது நடந்தது. பசிக்கும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும்: நாடா மஞ்சளைக் காட்டும்போதே பணம் கிளம்ப வேண்டும்.