காலரும் காரணமும்

அளவெடுத்துச் சட்டை தைத்துக்கொள்வது இங்கிலாந்தில் வசதி படைத்தவர்கள் சமாசாரம். நம் ஊரில் அப்படி இருந்ததில்லை. ஆயத்தச் சட்டைகள் கடைகளில் வந்து குவிவதற்கு முன்னால் குமாஸ்தாவும் துணி எடுத்துத்தான் தைத்துக்கொண்டார், கலெக்டரும் அப்படித்தான். தையற்காரரிடம் பழைய அளவுச் சட்டை ஒன்றைக் கொடுத்தால் போதும். காலர் எப்படி, கை எப்படி என்று பேச்சே எழாது. இன்று தெருமுனைத் தையற்கடைகள் பல மூடிவிட்டன. அளவெடுத்துத் தைப்பது பெரிய நகரங்களில் ஓர் ஆடம்பரமாக மறுபிறவி எடுத்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் உட்காரவைத்து ஒரு மாதிரிப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறார்கள். காலரில் பல விதம், கைப்பட்டியில் பல விதம், பொத்தானில், காஜா நூலின் நிறத்தில், எல்லாவற்றிலும் பல விதம். எதை வேண்டுமானாலும் எதனோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். அது நமக்குச் சுதந்திரம் தருவதுபோல் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வோர் உறுப்பும் எதற்காகப் பிறந்தது என்ற விவரத்தை மறைத்துவிட்டு, உருவத்தை மட்டும் காட்டி விற்கிறது.

காலரின் இரு முனைகளிலும் பொத்தான் வைக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைமேல் போலோ ஆடிய ஆங்கிலேயர்கள், காலர் காற்றில் எழும்பி முகத்தில் அடிக்காமல் இருக்க அதைச் சட்டையோடு பூட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்காரர்கள் அதைக் கவனித்து ஊருக்கெல்லாம் பரப்பினார்கள். அது ஓடியாடித் திரிபவனின் காலர். கல்யாண வரவேற்பில் கோட்டும் டையும் அணிந்து மேடையில் அசையாமல் நிற்கப் போகிறவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் பொருத்தம் இல்லை. மார்பில் பெயரின் முதலெழுத்தைத் தைத்துக்கொள்வதும் இப்படித்தான். வெளுக்கப் போன துணி மாறாமல் திரும்பிவர உதவிய அடையாளம் அது. வீட்டிலேயே துவைத்துக்கொள்பவருக்கு அது விலாசமே தவிர வேறில்லை.

1962இல் வெளிவந்த 'டாக்டர் நோ' படத்தில் ஷான் கானரி அணிந்த சட்டையை இலண்டனின் டர்ன்புல் அண்ட் ஆசர் கடை தைத்தது. கைப்பட்டி பின்னோக்கி மடிந்து இரண்டு பொத்தான்களில் பூட்டிக்கொள்ளும். பார்க்க அழகுதான். ஆனால் அது கோட்டின் கைக்கு வெளியே சற்றே எட்டிப்பார்ப்பதற்காக வெட்டியது. சென்னை வெயிலில் பதினோரு மணிக்கே சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிடுகிறோம். அந்தத் தடித்த மடிப்பை எங்கே சுருட்டுவது?

காரணம் தெரியாமல் ஒன்றைச் சேர்ப்பது போலவே, காரணம் தெரியாமல் ஒன்றை நீக்குவதும் நடக்கிறது. 'கண்ணியமான சட்டைக்குப் பை கூடாது' என்று ஒரு விதி சொல்கிறார்கள். கோட்டுக்குள் பைகள் உள்ள மனிதனுக்கு அது சரி. நம்மில் பெரும்பாலோர் கோட்டு அணிவதில்லை. மூக்குக்கண்ணாடி, பேனா, பஸ் டிக்கெட், இப்போது கைப்பேசி, எல்லாவற்றுக்கும் மார்புப் பைதான் புகலிடம். குளிர்நாட்டு விதிக்காகப் பையை எடுத்துவிட்டு நாளெல்லாம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைக் கண்ணியம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அப்படியானால் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, ஆனால் புத்தகத்தில் பளிச்சென்று தெரியாத இடங்களில் இருக்கிறது. பலருக்கு ஒரு தோள் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். முதுகின் மேற்பகுதியில் தோளோடு தோளாக வரும் துண்டை இரண்டாகப் பிரித்து வெட்டினால், இரண்டு தோளுக்கும் தனித்தனியே சரிசெய்யலாம். தொழிற்சாலைச் சட்டையில் இதே பிரிவை வெறும் அலங்காரமாகப் போடுகிறார்கள். அளவெடுத்தவரிடம்தான் அதற்கு அர்த்தம் உண்டு. காலருக்குள் விறைப்புக்காக வைக்கும் கான்வாஸ் ஒட்டியதா, தைத்ததா என்று கேட்கவேண்டும். ஒட்டியது முதல் நாள் மொடமொடவென்று நிற்கும்; ஒட்டு சரியில்லையென்றால் சில சலவைகளிலேயே கொப்புளம் கிளம்பிவிடும். நீண்ட கழுத்துக்குக் காலர் பட்டி உயரவேண்டும், குட்டைக் கழுத்துக்குத் தாழவேண்டும். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மிச்சத் துணியைக் கேட்டு வாங்கவேண்டும். சட்டையில் முதலில் நைவது காலர்தான். நம் வீடுகளில் நைந்த காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு வருஷம் உடுத்துவார்கள். அதை ஏழ்மை என்று நினைத்து இப்போது கைவிட்டுவிட்டோம். இலண்டன் ஜெர்மின் தெருவின் பெரிய கடைகள் தாங்கள் தைத்த சட்டைகளுக்குப் புதுக் காலர் மாற்றித் தருவதைப் பெருமையாகச் செய்கின்றன!

பழைய தையற்காரர்கள் மாதிரிப் புத்தகம் வைத்திருக்கவில்லை. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். 'இது உங்களுக்கு எடுக்காது சார்' என்று சொல்லிவிடுவார்கள். சொன்னபடி கேட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் பலர். கேட்காமல் போய்ப் பிறகு திரும்பி வந்தவர்களும் உண்டு. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மனிதரிடம் போய் அளவு கொடுக்கிறோம். புத்தகமோ எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. நாம் கேட்டதையெல்லாம் தைத்துக் கொடுத்து, சட்டை நன்றாக இல்லையென்றால் 'நீங்கள்தானே தேர்ந்தெடுத்தீர்கள்' என்று பழியையும் நம் தலையிலேயே கட்டிவிடுகிறது.

பணம் கொடுத்துத் தைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெட்டுகிற மாஸ்டரை வெளியே அழைக்கச் சொல்லுங்கள். அவர் முன்னால் எழுந்து நில்லுங்கள். அவர் எதையாவது வேண்டாம் என்று சொன்னால், அந்தக் கடையில் துணியைக் கொடுக்கலாம்.