மூன்று வீதம் என்னும் ஏதுப்போலி

அரசியல் விவாதங்களிலே எண்கள் பெறும் இடம் நாளுக்கு நாள் பெருகி வருகின்றது. இது வரவேற்கத்தக்கதே. ஊகத்தை நம்பிப் பேசுவதிலும் கணக்கை முன்வைத்துப் பேசுதல் மேலானது. ஆயின், எண்ணை முன்வைப்பவர் அதன் திகதியையும் முன்வைக்கின்றாரா? எதனை எண்ணிப் பெற்ற எண் அது என்று கூறுகின்றாரா? அவர் நிறுவ விரும்பும் முடிபை அவ்வெண் நிறுவுகின்றதா? இவ்வினாக்கள் எழாதவிடத்துப் புள்ளிவிபரமும் ஒருவகை மூடநம்பிக்கையாகிவிடுகின்றது.

நம் நாட்டிலேயே இதற்கு அண்மைக்கால உதாரணமொன்று உண்டு. 2019 ஜனாதிபதித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் வேட்பாளர் அனுர குமார திசாநாயக்க பெற்றவை 418,553 வாக்குகள், அதாவது 3.16 வீதம். 2020 பொதுத் தேர்தலில் அவ்வணிக்கு 3.84 வீதமும் மூன்று ஆசனங்களுமே கிடைத்தன. அன்று தொட்டு 'மூன்று வீதம்' என்பது அதன் மறுபெயராயிற்று. அவ்வணியினர் எதைப் பேசினும் எதிராளி விடையளிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 'மூன்று வீதத்தார்' என்று நகைத்தால் விவாதம் முடிந்துவிடும். பழமைவாதிகள் மட்டுமன்றி, தம்மை முற்போக்காளரென்று கருதிக்கொண்ட ஆசிரியர்களும் மாணவர்களும் இதனையே செய்தனர். நாமும் செய்தோம்.

2022 இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் ஜனாதிபதியே நாட்டைவிட்டுச் சென்றார். வாக்காளரின் வாழ்வு அடியோடு மாறிய பின்னரும் அவர் 2019 இல் அளித்த வாக்கையே நாம் ஒப்புவித்துக் கொண்டிருந்தோம். 2024 செப்டெம்பரில் அதே வேட்பாளர் முதற் கணக்கெடுப்பில் 42.31 வீதம் பெற்று, பின்னர் ஜனாதிபதியானார். நவம்பர்ப் பொதுத் தேர்தலில் அவரது அணி 61.56 வீத வாக்குகளையும் 225 ஆசனங்களில் 159 ஐயும் பெற்றது.

இரண்டே மாதத்தில் ஓர் எண் பழசாகிவிடக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் சான்று. செப்டெம்பரில் அங்கு அவர் பெற்றவை 27,086 வாக்குகள். நவம்பரில் அவரது அணி பெற்றவை 80,830. ஆறு ஆசனங்களில் மூன்று. இவ்வுயர்வையும் ஆராயாது ஏற்றல் தவறாகும். முதலாவது தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் ஒருவர் நின்றார். இரண்டாவதில் தமிழ் வாக்குகள் பல கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்குமிடையே சிதறின. ஏறத்தாழ நான்கிலொரு பங்கு வாக்கே பாதி ஆசனங்களை ஈட்டித் தந்தது. வாக்கு வேறு, ஆசனம் வேறு.

இடதுசாரிகள் இதனை மறந்திருக்கலாகாது. 1970 இல் லங்கா சமசமாஜக் கட்சிக்குப் பத்தொன்பது ஆசனங்களும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஆறும் கிடைத்தன. 1977 இல் இரண்டுக்கும் ஒன்றேனும் கிடைக்கவில்லை. பழைய எண் சிறியோரை இகழ உதவுவது போலவே பெரியோரைத் துயில்விக்கவும் உதவும்.

எனினும் எண் பழசாயிருந்தது ஒன்றே இங்கு குற்றமன்று. மணிமேகலையின் அளவை பற்றிய பகுதி ஏதுப்போலிகளை வகுத்துரைக்கின்றது. ஏதுவைப் போலத் தோன்றி, சாதிக்க வேண்டியதைச் சாதிக்கமாட்டாதது ஏதுப்போலி. 'மூன்று வீதம்' அத்தகையதே. 2020 இல் அது பிழையற்ற எண்தான். ஆனால் அன்றுங்கூட ஒரு கொள்கை சரியா தவறா என்பதை அது காட்டவில்லை. சிறுபான்மையினராய் இருப்பதே பிழையாயிருத்தலாகுமெனின், இத்தீவிலே தமிழ் பேசும் மக்கள் வாய் திறக்கவே இயலாது!

இந்நகைப்பினால் நாம் இழந்தது எது? 2006 இல் வடக்கு கிழக்கு இணைப்புச் செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் பின்னின்றது இவ்வணியின் முதுகெலும்பான மக்கள் விடுதலை முன்னணி. அந்நிலைப்பாட்டை இன்றும் காக்கின்றீர்களா? அதிகாரப் பகிர்வு பற்றி உங்கள் முடிபு யாது? 1987 தொடக்கம் 1989 வரையிலான வன்முறையில் உங்கள் பொறுப்பை எவ்வாறு மதிப்பிடுகின்றீர்கள்? மூன்று ஆசனங்களோடு இருந்த காலத்தில் இவற்றை விடாது கேட்டிருக்க வேண்டும். எண்ணைக் காட்டி நகைத்தோம். கொள்கையைக் காட்டி வினவவில்லை. வினவப்படாமலே அவர்கள் ஆட்சிக்கு வந்தனர்.

இப்பொழுது அதே ஏதுப்போலி மறுபுறத்திலிருந்து வருகின்றது. குறை கூறுவோரின் வாயை 'அறுபத்தொரு வீதம்' அடைக்கின்றது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அவ்வணியின் பங்கு 43 வீதமளவாயிற்று. அதனைக் கொண்டு அதன் முடிவுரையை எழுதத் தொடங்கியோரும் உளர். உள்ளூராட்சித் தேர்தலையும் பொதுத் தேர்தலையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று இரு சாராரும் கேட்பதில்லை.

மாணவன் ஒருவன் வகுப்பறைக்கு ஓர் எண்ணைக் கொண்டு வருவானாயின், நாம் அதனைக் கண்டு நகைக்கவும் வேண்டாம், வணங்கவும் வேண்டாம். எந்நாளைய எண், எதனை எண்ணிய எண், எதனை நிறுவும் எண் என்று அவனோடிருந்து ஆராய்வோம். பின்னர், அவ்வெண்ணுக்குரிய கட்சி மக்களுக்குச் சொன்னது யாது, செய்தது யாது என்று கேட்க அவனைப் பழக்குவோம். அக்கேள்விக்கு மூன்று வீதத்தாரும் விடை கூறக் கடமைப்பட்டோரே. அறுபத்தொரு வீதத்தாரும் விடை கூறக் கடமைப்பட்டோரே.