ஒரு பருவத்துச் சோயா

உச்சி வெயிலில் இலை தன் தேவைக்கு மிஞ்சிய ஒளியை வெப்பமாக வெளியேற்றித் தன்னைக் காத்துக்கொள்கிறது. மேகம் மறைத்த பிறகும் இந்தக் காப்பு உடனே தளர்வதில்லை, நிமிடக் கணக்காகிறது. அதுவரை விழும் குறைந்த ஒளியிலும் ஒரு பங்கு வீண். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாங் குழுவினர் இந்தத் தாமதத்தைத்தான் குறிவைத்தார்கள். காப்பை விரைவில் தளர்த்த, அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் மூன்று மரபணுக்களைச் சோயாவில் ஏற்றினார்கள். 2020ஆம் ஆண்டு வயல் சோதனையில் மரபணு ஏற்றிய ஐந்து வகைகளில் விளைச்சல் சராசரியாக 24.5 சதவீதம் கூடியது, அதிகபட்சம் 33. முடிவு 2022 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் வந்தது.

தலைப்புச் செய்திகளில் இடம்பெறாத ஒன்று அதே கட்டுரையில் இருக்கிறது. 2021இல் குறிப்பிடத்தக்க விளைச்சல் உயர்வு இல்லை. புயலில் பயிர் சாய்ந்து இலைகள் ஒன்றையொன்று மூடியதே காரணம் என்கிறது குழு. நம்பக்கூடிய விளக்கம்தான், மறைக்காமல் எழுதியதும் நேர்மை. ஆனால் காற்று உழவரின் வயலிலும் அடிக்கும். நல்ல ஆண்டைத் தொழில்நுட்பத்தின் கணக்கிலும் கெட்ட ஆண்டை வானிலையின் கணக்கிலும் எழுதினால் எந்தச் சோதனையும் தோற்காது.

இதே மூன்று மரபணுக்கள் 2016இல் புகையிலையின் எடையை 14 முதல் 20 சதவீதம் வரை கூட்டியிருந்தன. புகையிலையில் இலைதான் மகசூல். சோயாவில் காய் பிடிக்க வேண்டும், மணி நிறைய வேண்டும். இதைவிட உறுத்துவது அராபிடாப்சிஸ்: மரபணுக்கள் எந்தச் செடியிலிருந்து வந்தனவோ, அதிலேயே அவற்றைக் கூடுதலாக ஏற்றியபோது வளர்ச்சி குறைந்ததாக 2020இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆக, காப்பை விரைவில் தளர்த்த முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. தளர்த்தினால் விளைச்சல் கூடும் என்பது இன்னும் பயிருக்குப் பயிர் மாறும் ஊகம்.

பல இடங்களில், பல ஆண்டுகள், உழவர்கள் பயிரிடும் சிறந்த ரகங்களோடு ஒப்பிட்ட பின்பே விளைச்சலைப் பற்றிப் பேசுங்கள் என்று மரபியலாளர் எட்வர்ட் பக்லர் உள்ளிட்டோர் 2023இல் 'நேச்சர்' இதழில் கேட்டார்கள். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் வழக்கமான பயிர்ப்பெருக்கத்தில் புது ரகம் எதுவும் இந்தப் படிகளைத் தாண்டாமல் வயலுக்கு வருவதில்லை.

ஆகவே 24.5 என்பதை ஓர் ஊரின் ஒரு பருவத்து எண்ணாகவே எடுத்துக்கொள்வேன். நெல்லுக்கு அதை நீட்டுவது இன்னும் பெரிய பிழை. விளைச்சல் கூடியும் சோயா மணியில் புரதம் குறையவில்லை. புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தை வேர் முடிச்சுகள் தருவதால் அது இயலும். நெல்லுக்கு முடிச்சு இல்லை. கூடுதல் மணிக்கான தழைச்சத்தை மண்ணோ யூரியா மூட்டையோதான் தர வேண்டும்.