கண்டலம: கட்டடமும் குளமும்

இயற்கையோடும் இடத்தோடும் இணைந்தியங்கும் கட்டடக்கலை பற்றி இன்று விரிவாகப் பேசப்படுகின்றது. கேடு விளைவிக்காதிருத்தல் மட்டும் போதாது. பயன்படுத்திய நீரும் நிலமும் மீண்டும் வளம்பெறச் செய்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். அமெரிக்கரான ஜோன் லைல் 1994 இல் வெளியிட்ட நூல் இக்கருத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது. அதே ஆண்டில், ஜெப்ரி பாவா வடிவமைத்த கண்டலம விடுதி தம்புள்ளைக்கு அருகே திறக்கப்பட்டது. இவ்வகைக் கட்டடக்கலைக்கு நம் நாட்டு எடுத்துக்காட்டாக அதனையே பலரும் சுட்டுவர்.

பாவாவின் சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சிகிரியாக் குன்றின் அருகே விடுதி அமைக்க எண்ணியோரைக் கண்டலமக் குளத்தையொட்டிய பாறைச் சரிவுக்கு அழைத்துவந்தவர் அவரே. கட்டடம் தூண்கள்மீது உயர்த்தப்பட்டமையால் மழைநீர் அதன் கீழாக ஓடுகின்றது. பாறை அகற்றப்படாது நடைவழியினுள்ளேயே நிற்கின்றது. கூரையிலும் முகப்பிலும் செடிகொடிகள் படர்ந்து கட்டடத்தை ஏறத்தாழ மூடிவிட்டன.

ஆயின், விமர்சகர் பலர் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். விருந்தினர் கண்டு மகிழும் அக்குளம் இயற்கை தந்ததன்று. மனித உழைப்பால் ஆனது. வயலுக்கு நீர் தேக்கும் உற்பத்திச் சாதனம் இங்கு காட்சிப் பொருளாகின்றது. 1990களின் தொடக்கத்தில் பிரதேச மக்களும் பௌத்த பிக்குமாரும் சூழலியலாளரும் கட்டட வேலையை எதிர்த்தனர். குளத்து நீர் மாசுறும் என்பது அவர்தம் அச்சங்களுள் ஒன்று. அதனை அறியாமை எனத் தள்ளிவிடல் பொருந்தாது. இடம் யாருடையது என்ற வினா அதனுள் உறைந்திருந்தது.

வறண்ட வலயத்தின் சிறுகுளத் தொடர்களை இதனோடு ஒப்புநோக்கலாம். குளத்தின் மேற்புற மரச்செறிவு காற்றைத் தடுத்து, நீர் ஆவியாதலைக் குறைக்கும். குளக்கட்டின் கீழுள்ள தாவர வலயம் கசிவுநீரின் உவரை உறிஞ்சும். வயலின் வடிநீர் அடுத்த குளத்தைச் சேரும். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017 இல் இம்முறைமையை உலக முக்கியத்துவமுடைய விவசாய மரபுரிமையாக ஏற்றது. நிலமானியச் சுரண்டல் அங்கும் இருந்தது. அதனை மறைத்தல் தகாது. எனினும், நீரைப் பேணும் கடமையும் அதன் பயனும் பெரிதும் ஒரே சமூகத்தாரிடமே இருந்தன.

ஆகவே, செடிகொடிகள் கட்டடத்தை மூடினவா என்பதனை மட்டும் அளவுகோலாகக் கொள்ள முடியாது. அவ்விடத்தில் வாழ்ந்து உழைப்போர் நீரும் நிலமும் பற்றிய முடிவுகளில் பங்காளராயினரா என்பதே முதன்மையான வினா. அவ்வினாவை ஒதுக்கும் திறனாய்வு, அழகியலின் பெயரால் சமூக உறவுகளை மறைப்பதாகவே முடியும்.