பிஷப் ஆன வாத்தியார்: இன்னொரு காட்டன்

திருத்தணிப் பக்கம் 'காட்டன்'னு சொன்னா, தெலுங்கு பேசும் நண்பர்களுக்கு உடனே ஞாபகம் வருவது சர் ஆர்தர் காட்டன், கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டிய இஞ்சினியர். நான் எழுதப்போவது அவரைப் பற்றி இல்லை. அதே காலத்தில் கல்கத்தாவில் ஆங்கிலிகன் பிஷப்பாக இருந்த ஜார்ஜ் எட்வர்ட் லிஞ்ச் காட்டனைப் பற்றி. சிம்லாவிலும் பெங்களூரிலும் இருக்கும் பிஷப் காட்டன் பள்ளிகள் இவர் பேரில்தான். நம்ம ஜி.யு.போப் ஊட்டிக்குப் பிறகு, 1871லிருந்து நடத்தியது அந்தப் பெங்களூர்ப் பள்ளியைத்தான்.

அதே 1871ல், காட்டன் இறந்து ஐந்து வருஷம் கழித்து, அவர் மனைவி சோஃபியா அவருடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து வாழ்க்கை வரலாறாக வெளியிட்டார். இந்த நூலை ஒரு பிஷப்பின் கதையாகத் தொகுத்திருக்கிறார்கள். ஆனா ஒரு வாத்தியாரின் கதையாகப் படித்தால்தான் எனக்கு அது புரிபடுகிறது.

எங்க ஊரில் பிறந்த ராதாகிருஷ்ணன் ஆசிரியராக இருந்து ஜனாதிபதி ஆனதை நாம் ஒரு ஏற்றமாகச் சொல்கிறோம். காட்டனையும் அப்படித்தான் சொல்வார்கள். 1813ல் பிறந்தார். ராணுவத்தில் இருந்த அப்பா, இவர் பிறந்த இரண்டே வாரத்தில் போரில் இறந்துவிட்டார். கேம்பிரிட்ஜ் படிப்பு முடிந்து, 1837ல் தாமஸ் ஆர்னால்டின் ரக்பி பள்ளியில் ஆசிரியர். 1852ல் மார்ல்பரோ கல்லூரித் தலைமையாசிரியர். 1858ல் கல்கத்தா பிஷப். 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' நாவலின் கடைசியில், கிரிக்கெட் பார்த்துக்கொண்டே டாமிடம் பேசுகிற பெயரில்லாத இளம் ஆசிரியர் இவர்தான் என்பார்கள்.

இந்தப் படிக்கட்டில் முக்கியமான படி மார்ல்பரோ. பேரைப் பார்த்து நம்மூர் காலேஜ் என்று நினைக்க வேண்டாம், அது பள்ளிதான். பாதிரியார் வீட்டுப் பிள்ளைகளுக்காக, கட்டணம் குறைவாக, 1843ல் தொடங்கினார்கள். சீக்கிரமே 500 பையன்கள் சேர்ந்துவிட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை, பணமும் இல்லை. 1851ல் பையன்கள் பெரிய கலகமே செய்தார்கள். ஜன்னல்கள் உடைந்தன, பட்டாசு வெடித்தது. அடுத்த வருஷம் வந்த காட்டன் செய்தது ரொம்ப நடைமுறையான வேலை. மூத்த மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார். பையன்களோடு இறங்கி விளையாடக்கூடிய இளம் ஆசிரியர்களைக் கொண்டுவந்தார். ஊர் சுற்றி வம்பு இழுப்பதற்குப் பதில் பள்ளி மைதானத்திலேயே கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடட்டும் என்று 1853ல் பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்.

மென்பொருள் வேலையில் இதை 'பேட்ச்' என்போம். ஓடாமல் நின்றுபோன ஒன்றை ஓட வைக்கப் போட்ட ஒட்டு. விளையாட்டு குணத்தை வளர்க்கும் என்ற தத்துவம் அதற்கு மேல் பூசிய வர்ணம். அடியில் இருந்தது ஒரு பயம்: சும்மா இருக்கிற பையன் ஆபத்தானவன்.

அந்தப் பயம் அவரோடு கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தது என்பதுதான் என் வாசிப்பு. 1857 கலகம் அடங்கியபின், 1859 ஜூலை 28 நன்றித் திருநாளில் திரட்டிய காணிக்கையிலிருந்து சிம்லா பள்ளித் திட்டம் பிறந்தது. இந்தியாவில் தங்கிவிட்ட ஐரோப்பியர், யூரேசியர் பிள்ளைகளுக்கான பள்ளி அது. (யூரேசியர் என்றால் பின்னாளில் ஆங்கிலோ-இந்தியர். நம்ம பக்கத்து அரக்கோணம் ரயில்வே காலனியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) 1860ல் கவர்னர் ஜெனரல் கானிங் இந்தத் திட்டத்தை ஆதரித்து எழுதிய குறிப்பில் அன்பைவிடக் கவலைதான் அதிகம். இவர்களைப் படிக்க வைக்காவிட்டால் அரசுக்கே பாரமாவார்கள், படிக்க வைத்தால் பலமாவார்கள் என்பது அவர் கணக்கு. மார்ல்பரோ பையன்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரு சமூகமே இருக்கிறது. தீர்வு மட்டும் அதே தீர்வு.

நூலின் குறை இங்கேதான். ஒருவருடைய நாட்குறிப்பும் கடிதமும் சேர்ந்து உருவான புத்தகத்தில், கொடுத்தவரின் மனசு தெரியும். பெற்றுக்கொண்டவர் என்ன நினைத்தார் என்பது தெரியாது. 'இவர்களுக்கு ஏன் தனிப் பள்ளி, மற்ற இந்தியப் பிள்ளைகளோடு ஏன் இல்லை?' என்று கேட்க அதில் ஆள் கிடையாது. சோஃபியாவைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. 1866 அக்டோபர் 6 அன்று, இன்றைய வங்கதேசத்தின் குஷ்டியாவில் ஒரு கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணம் செய்துவிட்டுத் திரும்பிய காட்டன், படகில் ஏறும்போது பலகையில் கால் தவறி ஆற்றில் விழுந்தார். உடல் கிடைக்கவே இல்லை. அடக்கம் செய்ய முடியாத கணவருக்கு மனைவி எழுப்பிய கல்லறை இந்தப் புத்தகம். கல்லறையில் யாரும் விமர்சனம் பொறிப்பதில்லை.

ஆனால் நாம் கேட்கலாம். கேட்கவும் வேண்டும், ஏன்னா அந்த ஒட்டு இன்னமும் நம்மிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்ன ஊர் மெட்ரிக் பள்ளியில்கூட ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ், கேப்டன், பேட்ஜ் எல்லாம் உண்டு. அவை காட்டன் ஒருவரின் கொடை அல்ல, ஆனால் அவர் வளர்த்த மரபின் மிச்சம். காசு குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளியில்தான் காட்டன் இந்த முறையைச் சோதித்துப் பார்த்தார். இன்று அவர் பேரில் இருக்கும் பள்ளிகள் வசதியானவர்களின் பள்ளிகள். முறை தங்கியது, யாருக்காக என்பது மறந்துபோனது. பேட்ஜை மட்டும் காப்பி அடித்த நம் பள்ளிகள், கட்டணத்தைக் குறைத்த அந்த முதல் யோசனையைக் காப்பி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.