இரண்டாவது பைக்

சிங்கப்பூரில் ஒரு பைக் வைத்திருப்பதே பெரிய செலவு. பத்து ஆண்டுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) கட்டணம் 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. அப்படியும் இரண்டு வைத்திருப்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். வேலைக்கு 200 சிசிக்குள் ஒன்று. ஞாயிறு விடியலில் கடற்பாலம் தாண்டி ஜொகூர் போக ஹோண்டா சூப்பர் ஃபோர்.

சும்மா நிற்கும் வண்டிதான் அதிகக் கவனிப்புக் கேட்கும். இந்த ஈரக் காற்றில் செயின் துருப்பிடிக்கும், பேட்டரி இறங்கிவிடும். தேக்கா பக்கத்து கார்பார்க்கில் ஒருவர் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டு, வழிந்ததைப் பழந்துணியால் துடைப்பார். அவசரமே இருக்காது. நின்று பார்க்கத் தகுந்த வேலை அது.

இரண்டாவது வண்டி வாங்கப் போகிறீர்களா? வாரம் ஒருமுறையாவது அதை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிடுங்கள்.