மாநிலக் கட்சியும் அரச கட்சியும்

1974 கச்சத்தீவு உடன்படிக்கையின் ஐந்தாம் ஷரத்து ஒரே ஒரு வாக்கியம். முன்சொன்னவற்றுக்கு உட்பட்டு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் 'ஆஸ் ஹிதர்டூ', அதாவது இதுநாள்வரை போலவே, கச்சத்தீவுக்கு வந்துபோகலாம். அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டியதில்லை என்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் முதுகலை மாணவர்களிடம் அந்த வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் நகலெடுத்துக் கொடுத்து, "இதன்படி ராமேஸ்வரம் மீனவர் அங்கே மீன் பிடிக்கலாமா?" என்று கேட்டேன். பெரும்பாலோர் 'பிடிக்கலாம்' என்றார்கள். எந்தச் சொல் அப்படிச் சொல்கிறது, விரல் வைத்துக் காட்டுங்கள் என்றபோது வகுப்பு அமைதியானது.

அதே தாளை யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் 'பிடிக்கக் கூடாது' என்றார்களாம். அவர்களுக்கும் விரல் வைக்க இடம் அகப்படவில்லை. அகப்படாது. மீன்பிடிப்பு என்ற சொல்லே அந்த வாக்கியத்தில் இல்லை. இரண்டு கரையிலும் பிள்ளைகள் வாக்கியத்தைப் படிக்கவில்லை, அவரவர் ஊர்ச் செய்தித்தாளைத்தான் அதில் படித்திருக்கிறார்கள்.

இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நண்பர் சொன்னார்: "நீங்கள் உங்கட பிள்ளையளுக்கு இங்கிலீஷ் தெரியும் எண்டு சொல்லிப்போட்டுப் படிப்பிக்கிறியள். நாங்கள் எங்கட பிள்ளையளுக்குத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டுப் படிப்பிக்கிறம். ரெண்டு பேரும் வாசிக்கப் பழக்கேல்லை."

சர்வதேச உறவுகள் படிக்கும் மாணவருக்கென்று தனியாக ஓர் ஆங்கில வாசிப்புத் தாள் அமைப்பது பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அந்தப் பேச்சுக்குப் பிறகுதான்.

அவர் சொன்னதில் வரலாறு இருக்கிறது. இலங்கையில் 1956-இல் சிங்களம் ஆட்சிமொழியானது. 1960-ஐ ஒட்டிப் பல்கலைக்கழகத்தின் கலைப்பாடங்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறின. விரிவுரை தாய்மொழியில், நூலகத்துப் புத்தகம் ஆங்கிலத்தில். அந்த இடைவெளியை மறைக்க வழியே இல்லாமல் போனதால், பல்கலைக்கழகந்தோறும் ஆங்கிலம் கற்பிக்கத் தனி அலகுகள் வந்தன. பல்கலைக்கழகம் புகுமுன்னரே பயிற்சி தரும் திட்டமும் வந்தது. நோய் இன்னதென்று பெயர் வைத்தாயிற்று, மருந்து எது என்பதில்தான் தடுமாற்றம். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் 'கடுவ'. வாள் என்று பொருள். வாளை யாரும் வாசித்துப் பழகுவதில்லை.

இந்தியாவில் 1964-66-இல் இயங்கிய கோத்தாரி கமிஷன் ஆங்கிலத்தை 'நூலக மொழி' என்றது. நல்ல சொல். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்தை எப்படிப் பிரிப்பது என்று கற்றுத்தரும் தாள் நம் பட்டப்படிப்பில் எங்கே? தமிழ்நாட்டில் பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம். பார்ட் டூவில் நாலு கட்டுரை, நாலு கவிதை, ஒரு சிறுகதைத் தொகுப்பு. ஐ.நா. தீர்மானத்தை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலே சர்வதேச உறவுகளில் முதல் வகுப்பு வாங்கிவிட முடியும். அதற்குக் கைடும் நோட்ஸும் போதும். ஆங்கில வழி என்று மாற்றுச் சான்றிதழில் அச்சாகியிருப்பதால் ஆங்கிலம் தெரியும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம், அந்த மாணவர் உட்பட.

வாசிப்பு மட்டுமே போதும் என்று ஒரு காலத்தில் துணிந்து சொன்னவர் உண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், 1926-இல் வங்காளத்து இருமொழிக் கல்வி பற்றிய நூலில் இன்ஷூரன்ஸ்காரர்களிடமிருந்து ஒரு சொல்லை எடுத்தாண்டார்: சரண்டர் மதிப்பு. பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும்? பாதியில் பள்ளியை விட்டுப்போகும் பையனுக்கு அரைகுறைப் பேச்சால் பயனில்லை. வாசிக்கும் பழக்கம் மட்டும் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு மேலே போகலாம் என்பது அவர் கணக்கு. பின்னாளில் அவரைக் காலனிய ஆட்சிக்குத் தோதானவர் என்று விமர்சித்தார்கள். இருக்கலாம். ஆனால் சர்வதேச உறவுகள் படித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் போகும் பெண்ணுக்கும், கொழும்பில் அரசாங்க வேலைக்குக் காத்திருக்கும் பையனுக்கும் அந்தச் சரண்டர் கணக்கு இன்றும் பொருந்துகிறது.

இனி சொற்களுக்கு வருவோம். வேடிக்கை இங்கேதான்.

வாசிப்புத் தாள் அமைக்க உட்காரும் ஆசிரியர் முதலில் தேடுவது சொற்பட்டியலைத்தான். 2000-இல் அவெரில் காக்ஸ்ஹெட் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப் பட்டியலில் ஏற்கெனவே உள்ள சுமார் 2000 சொற்களைக் கழித்துவிட்டு மிச்சத்திலிருந்து திரட்டியது அது. நம் துறையின் தொல்லை என்னவென்றால், கழித்துக்கட்டிய எளிய சொற்களில்தான் கண்ணி இருக்கிறது. ஸ்டேட், பார்ட்டி, பவர், ஆர்டர், இன்ட்ரஸ்ட். ஒன்றாவது தெரியாத சொல்லா?

'ஸ்டேட்ஸ் பார்ட்டீஸ்' என்று ஐ.நா. உடன்படிக்கைகள் பலவற்றில் வரும். அதில் சேர்ந்துகொண்ட தரப்பு நாடுகள் என்று பொருள். என் மாணவர் ஒருவர் அதை 'மாநிலக் கட்சிகள்' என்று எழுதினார். சிரிக்கக் கூடாது. ஸ்டேட் என்றால் தமிழ்நாடு, பார்ட்டி என்றால் தேர்தல் ஆணையம் அங்கீகரித்த கட்சி. இந்தியப் பிள்ளைக்கு வேறெது தோன்றும்? யாழ்ப்பாண நண்பரிடம் சொன்னேன். அவருடைய வகுப்பில் அது 'அரச கட்சி' ஆகியிருந்தது, அதாவது ஆளுங்கட்சி. அங்கே மாநிலம் கிடையாது, மாகாணம்தான். ஸ்டேட் என்றதும் அவர்களுக்கு அரசுதான் நினைவுக்கு வரும். பிழை ஒன்றுதான், அதில் மண்வாசனை மட்டும் வேறு. ஆகவே சென்னையில் தயாரித்த பயிற்சித் தாளை அப்படியே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் எடுபடாது. லண்டனில் அச்சான பாடநூல் இரண்டு ஊருக்குமே உதவாது.

'அனார்க்கி' இன்னொன்று. ஹெட்லி புல் 1977-இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே அதன் பெயரடை வடிவம் இருக்கிறது. மாணவர்கள் அதை 'அராஜகம்' என்று குறித்துக்கொள்கிறார்கள். நம் பேச்சில் அராஜகம் என்றால் அடாவடி. நாடுகள் எல்லாம் அடிதடியில் இருக்கின்றன என்று புரிந்துகொண்டு, நூல் சொல்வதற்கு நேர் எதிராகப் பரீட்சையில் எழுதுகிறார்கள். நாடுகளுக்கு மேலே ஆள்வோர் யாருமில்லை என்பதுதான் அங்கே பொருள். விசித்திரம் என்னவென்றால், அராஜகம் என்ற வடசொல்லுக்கும் மூலப்பொருள் அரசன் இல்லாமை. பழைய பொருளைக் கிளறிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்போருக்கு இதை எப்படிச் சொல்வது?

கலைச்சொல்லிலும் இரு கரைக்கும் வித்தியாசம் உண்டு. நாம் அரசியல் அறிவியல் என்பதை அவர்கள் அரசறிவியல் என்கிறார்கள். நமக்கு வெளியுறவு, அவர்களுக்கு வெளிநாட்டலுவல்கள். நமக்குப் பாதுகாப்பு கவுன்சில், அவர்களுக்குப் பாதுகாப்புச் சபை. தமிழ்வழி என்பது அங்கே தமிழ் மொழிமூலம். பட்டியலை நீட்டலாம், ஆனால் அறுபது ஆண்டுகளாகத் தாய்மொழியில் விரிவுரை நடத்தியதால் அங்கே கலைச்சொல் வாயில் புழங்குகிறது என்பதே கவனிக்கத்தக்கது. யாழ்ப்பாணத்து மாணவர் ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கும்போது அதைக் கொண்டுபோய் வைக்க மனத்தில் ஒரு தமிழ்ப் பெட்டி தயாராக இருக்கிறது. நம் மாணவரிடம் ஆங்கிலச் சொல் வெறும் சத்தமாகவே தங்கிவிடுகிறது. வாசிப்பைப் பொறுத்தவரை இலங்கைப் பிள்ளைக்கே இதில் அனுகூலம் அதிகம் என்பது என் கட்சி.

ஆனால் அங்கே பாடநூல் சொதப்பியிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், போர் நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவர்களுக்கு 'அமெரிக்கன் கெர்னல் லெசன்ஸ்' என்ற நூலை வைத்துப் பாடம் நடந்ததை, அங்கே கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999-இல் ஆங்கிலத்தில் வந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். அமெரிக்க நகர வாழ்க்கையைச் சொல்லும் பாடங்கள். மாணவர்கள் அந்தப் புத்தக ஓரங்களில் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் கிறுக்கி வைத்திருந்தார்கள்: போராளிப் படங்கள், சினிமா, கேலி. அவர் அந்த ஓரக் கிறுக்கல்களையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். அச்சிட்ட பாடத்தைவிட ஓரத்தில்தான் அன்றைய அரசியல் இருந்தது.

எனக்கு அதிலிருந்து கிடைத்த யோசனை எளியது. ஓரத்தில் இருப்பதை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் (1964), கச்சத்தீவு (1974), அதன் தொடர்ச்சியான 1976 கடிதப் பரிமாற்றம், இந்திய-இலங்கை ஒப்பந்தம் (29 ஜூலை 1987), 2012 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை கவுன்சில் இலங்கை பற்றி நிறைவேற்றிய தீர்மானம். ஐந்தும் சேர்ந்து சில பக்கங்கள்தான். இரண்டு நாட்டு மாணவருக்கும் கதை முன்பே தெரியும். ஆகவே ஆங்கிலத்தின் மீது முழுக் கவனம் வைக்கலாம். ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் துணையில்லாமல் படிப்பது கடினம் என்பது வாசிப்பு ஆய்வாளர்களின் கணக்கு. முன்னறிவு அந்தப் பாரத்தைக் கொஞ்சம் சுமக்கும்.

பயிற்சி எப்படி? என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் பள்ளிகளில் நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் திட்டம் எனக்கு வழிகாட்டி. இலக்கணத்தைப் பாடமாக எடுக்காமல், வரைபடம், கால அட்டவணை என்று ஒரு வேலையைக் கொடுத்து, அதை முடிக்கும் போக்கில் மொழியைப் பழக்கினார்கள். கச்சத்தீவு உடன்படிக்கையின் முதல் ஷரத்து ஆறு புள்ளிகளை அட்சரேகை தீர்க்கரேகையோடு தருகிறது. கட்டத்தாளில் அவற்றைக் குறித்துக் கோடு போடச் சொன்னேன். ஆதாம் பாலத்திலிருந்து பாக் நீரிணை வரை கோடு வளைந்து போகிறது. தீவு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பென்சிலால் பார்த்த பிறகு நாலாம் ஷரத்தின் 'சாவரின்டி' என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. ஐந்தாம் ஷரத்தின் தொடக்கத்தில் 'முன்சொன்னவற்றுக்கு உட்பட்டு' என்று ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சின்னச் சொற்களுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன். 1967 நவம்பர் 22 அன்று பாதுகாப்பு கவுன்சில் நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம், இஸ்ரேல் 'பிரதேசங்களிலிருந்து' படையை விலக்க வேண்டும் என்கிறது. ஆங்கில வடிவில் 'டெரிட்டரீஸ்' என்பதற்கு முன்னால் 'தி' இல்லை. எல்லாப் பிரதேசங்களுமா, சிலவா? அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டை. தமிழில் இந்த 'தி'யே கிடையாது. நம் கண் அதைத் தாண்டிக்கொண்டு போகப் பழகியது. இலக்கண வகுப்பில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி வெறுக்க வைத்த அதே 'தி'யை இங்கே காட்டினால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

2012 தீர்மானமும் அப்படித்தான். இலங்கை அரசு தொழில்நுட்ப உதவியை ஏற்க வேண்டும் என்று வரைவில் இருந்தது. இறுதி வடிவில் அரசைக் 'கலந்தாலோசித்து, அதன் சம்மதத்தோடு' என்றானது. இந்தியா வற்புறுத்திச் சேர்த்தது என்று அப்போது செய்திகள் வந்தன. 24 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 'கன்சல்டேஷன்' என்றால் கேட்டால் போதும், 'கன்கரன்ஸ்' என்றால் அவர் தலையாட்ட வேண்டும். சென்னையில் அன்று வாக்கைப் பற்றி எவ்வளவோ பேசினோம். இந்த ஒரு சொல்லைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்?

இந்தத் தாளை ஒரு கல்லூரியில் 45 மணி நேரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பாடத்திட்டக் குழுவிலிருந்து வந்த கேள்வி: "இதில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எங்கே சார்?" இல்லை என்றேன். வினாக்களுக்குத் தமிழில் விடை எழுதலாம் என்று போட்டிருந்தது அதைவிடப் பெரிய குற்றமாகப் போயிற்று. புரிந்ததா என்று பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் எழுத வருகிறதா என்று பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிப் பார்த்தேன். கோப்பு திரும்பி வந்தது. யாழ்ப்பாண நண்பருக்கு விடை தமிழில் இருப்பதில் சிக்கல் இருக்கவில்லையாம். அவருக்குச் சிக்கல் வேறு: கேட்டல், பேசல், எழுதல் என்று எல்லாவற்றுக்கும் சம பங்கு தர வேண்டிய பொதுத்தாளுக்குள் வாசிப்பை ஒளித்துவைத்து நடத்த வேண்டியிருக்கிறது.

நான் சனிக்கிழமை மதியங்களில் மதிப்பெண் இல்லாத வகுப்பாக நடத்தினேன். பத்துப் பேருக்கு மேல் வந்ததில்லை. கடைசி வாரம் மறுபடி அதே ஐந்தாம் ஷரத்தைக் கொடுத்து, கூடவே 1976 மார்ச் கடிதத்தையும் வைத்தேன். ஒரு மாணவி நேரே கடிதத்தில் 'எக்ஸ்பிரஸ் பர்மிஷன்' என்ற இடத்தில் விரல் வைத்தாள். வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்கிற வாக்கியம் அது. பிறகு தாளின் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், இதில் கையெழுத்துப் போட்டது ரெண்டு வெளியுறவுச் செயலாளர்கள். 74-இல் போட்டது பிரதமர்கள். கடிதம் உடன்படிக்கை ஆகுமா?"

அது ஆங்கில வாத்தியார் பதில் சொல்லும் கேள்வி இல்லை. சட்டத்துறை மாடியில் இருந்தது, மேலே அனுப்பினேன்.